லெட்சுமி அக்காவுக்கு வராத பஸ்

தம்பி,

சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய் என்று ஆரம்பித்தால் நீ இந்தக் கடிதத்தை இரண்டாவது வரியிலேயே மடித்துவிடுவாய். அதனால் அந்தக் கேள்வியைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். செபராங் ஜெயாவில் நீ எடுத்திருக்கும் அறையில் போன் இல்லை. நீ சொல்லிக்கொடுக்கும் காலேஜுக்குப் போன் செய்தால் ஆபீஸ் பெண் எடுத்து, "சார் கிளாஸ்ல இருக்காரு, ஆண்டி" என்கிறாள். சார்! அதைக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்ல வந்ததைச் சொல்ல முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ சொன்ன ஒரு பேச்சு எனக்குள் கிடந்து குடைகிறது. அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

நீ சொன்னது உனக்கு நினைவிருக்காது, எனக்கு அப்படியே இருக்கிறது. "சாயங்கால கிளாஸ்ல கடைசி வரிசையில ஒரு ஆண்டி மா. பேக்டரி யூனிபாமோடயே வர்றாங்க. அர்ரேக்குள்ள ஆப்ஜெக்ட் வைக்கிறத சொல்லிக் குடுத்தேன். ஒரே கேள்வியத் திரும்பத் திரும்பக் கேக்குறாங்க. மத்தவங்களுக்கு லேட் ஆவுது லா. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள கிளாஸ்லருந்து பேர எடுத்துக்கங்கன்னு சொல்லிடலாம்னு பாக்குறேன்." உன் அப்பா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "சொல்லிடு, பாவம், அவங்களுக்கும் கஷ்டம்தானே," என்றார். நான் ரசம் ஊற்றிவிட்டுச் சும்மா இருந்தேன். நான் சும்மா இருந்தால் உனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இருபத்து மூன்று வருஷம் என்னோடு இருந்தவனுக்கு அதுகூடத் தெரியவில்லை.

நான் கம்ப்யூட்டர் படித்த கதை உனக்குத் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். அப்போது நீ ஸ்கூலில் ஐந்தாம் பாரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாய். பாயான் லெப்பாஸ் பேக்டரியில் நான் வேலை பார்த்த லைனை மூடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. மேலே டேட்டா ரூம் என்று ஒன்று திறந்தார்கள். சாயங்கால வகுப்பில் சேர்ந்து புரோகிராமிங் தேறுகிறவர்களை அங்கே எடுப்பார்கள், மற்றவர்கள் நஷ்ட ஈடு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். உன் அப்பா இரும்புச் சாமான் கடையின் ஸ்டோரில் வேலை பார்த்துக் கொண்டுவருவது வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும். நீ ஆறாம் பாரம் போவதா, தங்கச்சி டியூஷன் போவதா எல்லாம் என் சம்பளத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் ஆசைப்பட்டுப் படிக்கப் போகவில்லை. வேறு வழியில்லாமல் போனேன்.

வகுப்பு சூலியா தெருவில் ஒரு பணமாற்றுக் கடைக்கு மேல் மாடியில் நடந்தது. கீழே நாசி கண்டார் சோற்றுக் கடையிலிருந்து மீன் குழம்பு வாசனை படியேறி வரும். வேலை முடிந்து பசியோடு வந்து உட்கார்ந்திருக்கும் எனக்குப் பாதி மனம் எப்போதும் கீழேதான் இருக்கும். சொல்லிக்கொடுத்தவர் மிஸ்டர் ஓங், இப்போதைய உன்னைவிட இரண்டு வயசு மூத்தவராக இருந்திருப்பார். கெட்டவர் இல்லை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் வேகமாகத் தட்டிக் காட்டிவிட்டு, "ஓகே?" என்பார். சின்னப் பிள்ளைகள் எல்லாரும் ஓகே என்று தலையாட்டுவார்கள். கடைசி வரிசையில் யூனிபாமோடு ஒருத்தி மட்டும் தலையாட்ட மாட்டாள். அது யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் அர்ரே சொல்லிக்கொடுத்தார். வரிசையாகப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், அது எனக்குச் சுலபமாகப் புரிந்தது. பேக்டரியில் நாள் முழுக்க நான் பார்ப்பதே அதுதான். பிறகு ஆப்ஜெக்ட் வந்தது. ஐந்து மாணவர்களின் பெயர், வயது, மார்க் மூன்றையும் வைத்துக்கொண்டு, பெயர் வரிசைப்படி அடுக்கிக் காட்ட வேண்டும், இதுதான் பயிற்சி. ஒவ்வொரு மாணவனையும் ஒரு ஆப்ஜெக்டாகச் செய்து, அந்த ஆப்ஜெக்டுகளை அர்ரேயில் வை என்றார். நான் கை தூக்கினேன். பெயருக்கு ஒரு வரிசை, வயசுக்கு ஒரு வரிசை, மார்க்குக்கு ஒரு வரிசை வைத்தால் போதுமே, ஆப்ஜெக்ட் எதற்கு என்று கேட்டேன். "அதுதான் சுலபம்," என்றார். யாருக்குச் சுலபம்? மூன்று வரிசை எனக்குத் தெரியும், ஆப்ஜெக்ட் தெரியாது. தெரியாதது எப்படித் தெரிந்ததைவிடச் சுலபமாகும்? அடுத்த வகுப்பிலும் கேட்டேன். அதற்கடுத்த வகுப்பிலும் கேட்டேன்.

இதை நீ கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும், தம்பி. வெளியிலிருந்து கேட்டால் அது ஒரே கேள்விதான். முதல் தடவை கேட்டபோது எனக்கு அந்த வார்த்தையே புரியவில்லை. இரண்டாவது தடவை வார்த்தை புரிந்தது, காரணம் புரியவில்லை. மூன்றாவது தடவை, நான் ஏற்கெனவே எழுதி ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை ஏன் கலைக்க வேண்டும் என்று கேட்டேன். வாயில் வந்தது மட்டும்தான் ஒன்று. மிஸ்டர் ஓங்குக்கு அது கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை, எட்டு மணிக்கு அடுத்த பேட்ச் படியில் நிற்கும்.

சரி, என் வழியிலேயே முழுசாகச் செய்து காட்டுகிறேன் என்று எனக்கு வீம்பு வந்துவிட்டது. ஐந்து மாணவர்கள் என்று அவர் கொடுத்த பெயர்கள் எல்லாம் ஏ, பி, சி. முகமில்லாதவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அதனால் எங்கள் பேக்டரி பஸ்ஸில் வரும் பெண்களை உள்ளே போட்டேன். ஒரு வரிசையில் பெயர், ஒன்றில் ஷிப்ட், ஒன்றில் பஸ் ஏறும் இடம். ஐந்து பேரோடு நிறுத்தாமல் பஸ் முழுக்கப் போட்டேன். பெயர்ப்படி அடுக்கினேன், அழகாக வந்தது. பிரிண்டர் கரகரவென்று அடித்துத் தள்ளியதை எடுத்துக்கொண்டு மறுநாள் பேக்டரிக்குப் போனேன். அதுவரை பஸ்ஸில் இருந்தது கையால் எழுதி அடித்துத் திருத்திய பழைய தாள். சூப்பர்வைசர் என்னுடையதைப் பார்த்துவிட்டு, "வாஹ், பண்டாய் லா நீ," என்று சொல்லி அதையே பஸ்ஸில் ஒட்டச் சொல்லிவிட்டார். கெட்டிக்காரி என்று மலாயில் ஒரு வார்த்தை கேட்டதும் எனக்குக் கால் தரையில் இல்லை.

பஸ் ஓட்டுகிற அங்கிளுக்கு எங்கள் எல்லாரையும் முகம் பார்த்தே தெரியும், தாள் தேவையில்லை. என் கெட்ட நேரம், அவர் அந்த வாரம் லீவு எடுத்தார். அவருக்குப் பதில் வந்த டிரைவர் தாளைப் பார்த்து ஓட்டினார். காலை ஷிப்ட் என்று போட்ட பெயர்களுக்கு நேரே எந்த இடம் இருக்கிறதோ அங்கெல்லாம் போனார். ஆளே இல்லாத இரண்டு இடத்தில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். பாயா தெருபோங்குக்குப் போகவே இல்லை. அங்கே லெட்சுமி அக்கா மழையில் நின்றுகொண்டிருந்தார்.

என்ன நடந்தது என்று உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும், நீ சார் ஆயிற்றே. பெயர்களை இடம் மாற்றும்போது கூடவே ஷிப்டையும் மாற்றினேன், பஸ் ஏறும் இடத்தை மாற்ற மறந்துவிட்டேன். இரண்டு வரிசை நகர்ந்தது, மூன்றாவது இருந்த இடத்திலேயே இருந்தது. பாயா தெருபோங் என்ற இடம், இரவு ஷிப்டில் வேலை பார்க்கும் சுவீ லான் பெயருக்கு நேரே போய்விட்டது. லெட்சுமி அக்கா கடைசியில் மகனை எழுப்பி மோட்டார் சைக்கிளில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். லேட்டாக வந்ததற்கு லைனில் நாலு பேர் முன்னால் திட்டும் வாங்கினார். என்னிடம் வந்து, "என்ன ஏன் லா தாள்ல அழிச்ச நீ? நான் அங்க நிக்கிறது தெரியாதா ஒனக்கு?" என்றார். பிறகு பேசவில்லை. பதினோரு வருஷம் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பலகாரம் கொடுத்துக்கொண்டு வந்தவர், முன் இருக்கைக்கு மாறிப் போனார்.

மிஸ்டர் ஓங்கிடம் தாளைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "இதனால்தான் ஆப்ஜெக்ட் வேண்டும் என்றேன்," என்றார். பிறகு மெதுவாக, மரியாதையாகத்தான், இந்தப் படிப்பு உங்களுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும் போலிருக்கிறது, இப்போது பெயரை எடுத்துக்கொண்டு அடுத்த முறை நிதானமாகச் சேரலாமே என்றார். அடுத்த முறை வரும்போது எங்கள் லைன் இருக்காது என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் தலையை ஆட்டிவிட்டுக் கீழே இறங்கி வந்தேன். அன்றைக்கு மீன் குழம்பு வாசனைகூடத் தெரியவில்லை.

இனிமேல் சொல்லப்போவது உனக்குப் பிடிக்காது. வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ வந்து எதிரில் உட்கார்ந்தாய். எனக்குச் சொல்லிக்கொடுக்க முயற்சி செய்தாய், இல்லையென்று சொல்ல மாட்டேன். நான் என் பழைய கேள்வியைக் கேட்டேன். நீ பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, உங்களுக்கு இது வராது மா. விட்டுடுங்க. நான் வேணா ஆறாம் பாரம் போவாம வேலைக்குப் போறேன்," என்றாய். என் மேல் இருந்த பாசத்தில் சொன்னாய். உன் கண்ணில் தண்ணீர்கூட நின்றது. உன் அப்பா சொன்ன அதே 'பாவம்'தான் அது. மிஸ்டர் ஓங் சொன்னதைவிட நீ சொன்னதுதான் எனக்கு வலித்தது, தம்பி. திட்டினால் திருப்பித் திட்டலாம். பாவம் பார்க்கிறவர்களை என்ன செய்வது?

சரி, விட்டுவிடலாம் என்றே முடிவு செய்துவிட்டேன். அந்த வாரம் தைப்பூசம் வந்தது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் நம் தெரு ஆட்கள் போடும் பந்தலில் மோரும் கொடுப்பார்கள், வெறுங்காலோடு நடக்கிறவர்களின் செருப்பையும் பார்த்துக்கொள்வார்கள். அந்த வருஷம் செருப்புப் பொறுப்பு உன் அப்பாவுக்கு. கிடைத்த பலகைகள் அகலம் குறைவு, ஒரு ஜோடியைச் சேர்த்து வைத்தால் இடம் அடைக்கும். உன் அப்பா கடையில் போல்ட்டை ஒரு டின்னிலும் நட்டை இன்னொரு டின்னிலும் போட்டு வைத்துப் பழகியவர். மேல் பலகையில் இடது செருப்பு, அதற்கு நேர் கீழே கீழ்ப் பலகையில் வலது செருப்பு என்று அடுக்கினார். பார்க்க அணிவகுப்பு மாதிரி இருந்தது. எல்லாரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார். மத்தியானம் கூட்டம் ஏறியதும் இடம் போதவில்லை. யாரோ உதவி செய்கிறேன் என்று மேல் பலகையில் இருந்ததை எல்லாம் ஒரு முழம் தள்ளி வைத்தார்கள். கீழ்ப் பலகையைத் தொடவில்லை.

அப்புறம் நடந்த கூத்துக்கு நீயும் அங்கே இருந்தாய், மோர் ஊற்றிக்கொண்டிருந்தாய். ஒருவர் காலிலும் ஜோடி சேரவில்லை. பால்குடம் எடுத்துவிட்டு, நெற்றியில் விபூதியும் களைப்புமாக லெட்சுமி அக்கா வந்தார். உன் அப்பா பணிவாக எடுத்துக் கொடுத்தார். ஒரு காலுக்கு அவருடைய சிவப்புச் செருப்பு, மறு காலுக்கு யாரோ ஒரு தாத்தாவின் தோல் செருப்பு. அக்கா இரண்டையும் பார்த்தார், உன் அப்பாவைப் பார்த்தார், பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். "அன்னைக்கு பஸ்ஸு, இன்னைக்கு செருப்பா? புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் என்னத் தெருவுல நிக்க வைக்கிறதே வேலையா போச்சு லா!" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேல் பலகையையும் கீழ்ப் பலகையையும் மாறி மாறிப் பார்த்தேன். மேலே பெயர், கீழே பஸ் ஏறும் இடம். என் புரோகிராமைத்தான் உன் அப்பா பலகையில் அடுக்கி வைத்திருந்தார். ஓடிப் போய் ரஃபியா கயிறு வாங்கி வந்து, ஜோடி ஜோடியாகத் தேடிச் சேர்த்துக் கட்டினோம். கட்டிய பிறகு யார் எந்தப் பக்கம் தள்ளினாலும் கவலையில்லை, ஜோடி ஜோடியாகவே நகர்ந்தது. அக்காவின் செருப்பைத் தேடிக் கண்டுபிடித்து நானே கொண்டுபோய் அவர் காலடியில் வைத்தேன். "அக்கா, ஒங்களயும் இப்படிக் கட்டணும்," என்றேன். "மொதல்ல ஒன்னக் கட்டணும் டி," என்றார். ஆனால் அன்றைக்குப் பேசிவிட்டார்.

அடுத்த வகுப்புக்குப் போனேன். நான் வந்ததைப் பார்த்து மிஸ்டர் ஓங்குக்கு ஆச்சரியம். ஒரு பெண் என்றால் ஒரு கட்டு. அந்தக் கட்டுக்குள் அவளுடைய பெயர், ஷிப்ட், ஏறும் இடம். வரிசையில் நிற்பது கட்டுகள் மட்டும். இடம் மாற்றினால் கட்டோடு மாற்று. மூன்று தரம் எழுதியதை ஒரு தரம் எழுதினால் போதும், மறப்பதற்கு ஒன்றும் இல்லை. அவர் சொன்ன 'சுலபம்' அதுதான். ஆனால் உடனே சரியாக வந்துவிட்டது என்று நினைக்காதே. ஒரே ஒரு கட்டைச் செய்துகொண்டு, அதில் பெயரை மாற்றி மாற்றி எல்லாப் பெட்டியிலும் அதையே வைத்துவிட்டேன். அடித்துப் பார்த்தால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சுவீ லான். உன் அப்பா தாளைப் பார்த்துவிட்டு, "பஸ்ஸு பூரா ஒரே ஆளா? டிரைவருக்கு வேலை மிச்சம்," என்றார். ஒவ்வொருத்திக்கும் புதுசாக ஒரு கட்டுக் கட்ட வேண்டும், ஒரே கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டக் கூடாது என்று புரிந்துகொள்ள எனக்கு இன்னொரு வாரம் ஆனது. அந்த வாரமும் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை மிஸ்டர் ஓங் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்க பஸ்ல யாரெல்லாம் வர்றாங்க, சொல்லுங்க," என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்குப் படிப்பு வந்தது.

பாஸ் செய்தேன். பெரிய மார்க் எல்லாம் இல்லை. டேட்டா ரூமுக்கு எடுத்துக்கொண்டார்கள். நீ ஆறாம் பாரம் போனாய், பிறகு யூனிவர்சிட்டி போனாய். புதுத் தாளை பஸ்ஸில் ஒட்டுவதற்கு முன் லெட்சுமி அக்காவிடம் காட்டினேன். தாள் ஆங்கில எழுத்தில் இருந்தது, அவருக்குத் தமிழ்தான் வாசிக்க வரும். "என் பேருக்கு நேரா பாயா தெருபோங்னு இருக்கா? வெரல வச்சுக் காட்டு," என்றார். காட்டினேன். அடுத்த நாள் காலையில் பஸ் அங்கே போய் நின்றது, அக்கா ஏறி வந்து என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். என் சர்டிபிகேட்டை நான் இதுவரை சட்டம் போட்டு மாட்டவில்லை. அவர் வந்து உட்கார்ந்ததுதான் எனக்கு சர்டிபிகேட்.

இதெல்லாம் உன்னைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. நீ நன்றாகப் படித்தவன், பொறுமைசாலி, மனசில் ஈரம் இருக்கிறவன். அந்த ஈரத்தால்தான் எனக்குப் பயம். அந்தம்மாவைக் கடிந்து பேச உனக்கு வராது. மெதுவாக, மரியாதையாக, அவர் நல்லதுக்கே சொல்வது போலச் சொல்லி அனுப்பிவிடுவாய். அவரும் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போய்விடுவார். அவர் வீட்டில் என்னென்ன அந்த வகுப்பில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமைக்குள் அவரிடம் ஒன்றும் சொல்லாதே. அவர் எந்த பேக்டரி, எந்த லைன், யாரோடு பஸ்ஸில் வருகிறார் என்று கேள். உன் ஏ, பி, சியை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு அவருடைய ஆட்களைப் பெட்டியில் வைக்கச் சொல். தப்பாக வந்தால் வரட்டும். தெரிந்தவர்கள் தப்பான இடத்தில் நிற்பதைப் பார்த்தால்தான் மனசு பதறும், பதறினால்தான் திருத்தத் தோன்றும்.

இனி அந்தச் சாப்பாட்டுக் கேள்வி. அதை நேரில் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் டேட்டா ரூமுக்குப் புது மெஷின் வருகிறது, நான் படித்த கம்ப்யூட்டர் மொழி அதில் ஓடாதாம், நீ சொல்லிக்கொடுக்கும் மொழிதான் ஓடுமாம். நேற்று ஃபெரி ஏறி உன் காலேஜுக்குப் போனேன். நீ வகுப்பில் இருந்தாய், கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கவுண்டர் பெண் இன்னும் சேரலாம் என்றாள், சேர்ந்துவிட்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் யூனிபாமோடு வருவேன், கையில் உனக்கு டிபன் கேரியர் இருக்கும். வகுப்பில் என்னை அம்மா என்று கூப்பிடாதே, நானும் உன்னைத் தம்பி என்று கூப்பிட மாட்டேன். கடைசி வரிசையில் அந்தம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியை எனக்கு வைத்திரு. அந்தக் கேள்வியை இனி அவர் ஒரு தடவை கேட்டால் போதும். இரண்டாவது தடவை நான் கேட்கிறேன்.

அம்மா